ஈரம் காய்வதற்குள் ஒரு கணவர்

ஸாலி மேனின் 'ப்ரவுட் ஃபிளெஷ்' படங்களைக் காட்டினால் பலரும் முதலில் சொல்வது, "செம விண்டேஜ்ஜா இருக்கு." கறை, கீறல், ஓரத்தில் உரிந்த கருமை எல்லாம் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் அந்த அழகுக்காக மட்டும் என்றால், போனில் ஒரு ஃபில்டர் போதுமே.

2003 தொடங்கி ஆறு வருடங்கள், அமெரிக்காவின் வர்ஜீனியாவில், தன் கணவர் லாரியை ஆடையின்றிப் படமெடுத்தார் ஸாலி. லாரிக்குத் தசைச்சிதைவு நோய், நடுவயதில் தெரியவந்தது. படங்கள் 2009இல் நூலாக வந்தன. பெரும்பாலானவற்றில் முகம் முக்கியமில்லை. முதுகு, தொடை, மெலிந்துகொண்டே போகும் கை.

எடுத்த முறை, 1851இல் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரக் கொலோடியன். பிசுபிசுப்பான கொலோடியனைக் கண்ணாடித் தகட்டில் ஊற்றிப் பரப்பி, வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, காய்வதற்குள் படமெடுத்துக் கழுவிவிட வேண்டும். மொத்தமே பத்துப் பதினைந்து நிமிஷம்தான். அந்தத் தகட்டுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது, அதனால் தோல் இருண்டு, அதிலுள்ள புள்ளிகளெல்லாம் மேலே வந்துவிடும். படம் பதிய விநாடிக்கணக்கில் ஆகும். அதுவரை எதிரில் இருப்பவர் அசையக் கூடாது.

இங்கேதான் எனக்கு விஷயம் இருக்கிறது. தசை கைவிட்டுக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அசையாமல் இருப்பது சும்மா இருப்பதில்லை, அது உழைப்பு. 1992இல் ஸாலி வெளியிட்ட 'இம்மீடியட் ஃபேமிலி'யில் அவருடைய பிள்ளைகளின் நிர்வாணப் படங்களும் இருந்தன. குழந்தை கொடுக்கும் சம்மதம் சம்மதமா என்று அன்றைக்குப் பெரிய சண்டை நடந்தது. நியாயமான கேள்விதான். லாரி விஷயத்தில் அந்தக் கேள்விக்குக் கொலோடியனே ஒரு பதில் வைத்திருக்கிறது. இந்த முறையில் யாரையும் திருட்டுத்தனமாக எடுத்துவிட முடியாது. ஒவ்வொரு தகட்டுக்கும் அவர் மறுபடி "சரி" சொல்லியாக வேண்டும்.

தலைப்பும் சும்மா வைத்ததில்லை. ஆறும் புண்ணில் அளவுக்கு மீறி எழும்பி வளரும் சதைக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர். கொலோடியனையும் பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவர்கள் காயத்தின் மேல் பூசி மூடியிருக்கிறார்கள்.

என் குறை 'ஹெஃபைஸ்டஸ்' (2008) மேல். கிரேக்கர்களின் கால் ஊனமான கொல்லக் கடவுளின் பெயரை லாரியின் உடலுக்குச் சூட்டியிருக்கிறார். ரசாயனக் கறை உருகிய உலோகம் மாதிரி அதன் மேல் படிந்திருக்கிறது. பிரமாதமான படம், மறுக்கவில்லை. ஆனா அதுல லாரி காணாம போயிடறார். நோயைப் புராணமாக்கினால் பார்ப்பவருக்குச் சௌகரியம், உடலைச் சுமப்பவருக்கு அதனால் ஒன்றுமில்லை. எந்தக் கடவுளுக்கும் சொந்தமில்லாத, வெறும் முதுகாகவே இருக்கும் முதுகுகள்தான் எனக்கு வேண்டும்.

கலை வரலாறு முழுக்க ஆண்கள் பெண்களை உட்காரவைத்துப் பார்த்திருக்கிறார்கள். இங்கே மனைவி பார்க்கிறார், கணவர் உட்கார்ந்திருக்கிறார். அடுத்த தகட்டைத் தயார்செய்ய அவர் இருட்டறைக்குப் போகிற அந்தச் சில நிமிஷம் லாரி எதைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்? படங்களைப் புரட்டும்போதெல்லாம் எனக்கு அந்த யோசனைதான்.