ஆங்கில இணைப்பு வினைகளும் தமிழின் ‘-ஆக’ வடிவமும்: ‘வினையடை’ என்னும் கலைச்சொல் குறித்த ஒரு மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கிலத்தின் ‘-லி’ ஈற்றுச் சொற்களையும் தமிழின் ‘-ஆக’ ஈற்றுச் சொற்களையும் ஒன்றற்கொன்று நேரானவை எனக் கொள்ளும் கற்பித்தல் முறை, இணைப்பு வினை வரும் தொடர்களில் தவறான முடிவுகளைத் தருகிறது. இரண்டு மொழிகளும் எழுவாயின் இயல்பையும் செயலின் இயல்பையும் வேறுபடுத்துகின்றன. ஆயின் அவ்வேறுபாட்டைக் காட்டும் இடம் மொழிக்கு மொழி மாறுகிறது. இதனை விளக்கி, ‘அடை’, ‘நிரப்பி’ என்னும் பாகுபாட்டின் தேவையை இக்கட்டுரை வலியுறுத்துகிறது.

முன்னுரை

வினையை அல்லது பெயரடையை அல்லது மற்றொரு வினையடையைச் சிறப்பிப்பது வினையடை என்பது பள்ளி இலக்கணங்களில் நிலைபெற்ற வரையறை. இந்திய வகுப்பறைகளில் நெடுங்காலம் வழங்கிவரும் ரென், மார்ட்டின் ஆகியோரின் ஆங்கில இலக்கணநூலும் இவ்வழியே செல்கிறது. ‘எப்படி’ என்னும் வினாவுக்கு விடையாக வருவது விதத்தைக் குறிக்கும் வினையடை என்பது அதனோடு சேர்த்துக் கற்பிக்கப்படும் சோதனை. ‘ஹி ரன்ஸ் குவிக்லி’ என்பதற்கு ‘அவன் விரைவாக ஓடுகிறான்’ எனப் பொருள் கூறும்போது இவ்வரையறையும் சோதனையும் இடரின்றிப் பொருந்துகின்றன.

‘அவள் அழகாக இருக்கிறாள்’ என்னும் தொடரை ஆங்கிலத்தில் எழுதும்போது இடர் தொடங்குகிறது. ‘அழகாக’ என்பது ‘எப்படி’ என்பதற்கு விடை. ‘-ஆக’ ஈறும் பெற்றுள்ளது. கற்ற விதியைப் பின்பற்றும் மாணவர் ‘ஷி லுக்ஸ் பியூட்டிஃபுலி’ என எழுதுகிறார். ‘பியூட்டிஃபுல்’ என்பதே சரி என ஆசிரியர் திருத்துகிறார். மாணவர் விதியை மீறியதால் இப்பிழை நேரவில்லை. விதியைப் பின்பற்றியதால் நேர்ந்தது. ஆகவே மதிப்பிடப்பட வேண்டியது விதியே.

இணைப்பு வினையின் இயல்பு

‘பி’, ‘சீம்’, ‘பிகம்’, ‘ரிமெய்ன்’ முதலியன ஆங்கிலத்தின் இணைப்பு வினைகள். எழுவாயை அதன் இயல்போடோ நிலையோடோ இணைப்பது இவற்றின் பணி. இவற்றை அடுத்து வரும் சொல் எழுவாயைப் பற்றியது. எனவே அது பெயரடையாகவோ பெயராகவோ அமைகிறது. ராண்டால்ஃப் குவர்க்கும் அவருடன் இணைந்த மூவரும் 1985இல் வெளியிட்ட விரிவான ஆங்கில இலக்கணம் இச்சொல்லை நிரப்பி என்னும் உறுப்பாகக் கொண்டு, எழுவாய்–வினை–நிரப்பி என்பதைத் தொடரின் ஏழு அடிப்படை வகைகளுள் ஒன்றாக அமைக்கிறது.

‘லுக்’, ‘ஸ்மெல்’, ‘டேஸ்ட்’, ‘ஃபீல்’ முதலிய புலன்சார் வினைகள் இருவகையாகவும் வருகின்றன. ‘ஹி லுக்ட் ஆங்ரி’ என்றால் அவன் கோபமாகத் தெரிந்தான் என்று பொருள். ‘ஹி லுக்ட் ஆங்ரிலி அட் த லெட்டர்’ என்றால் கடிதத்தைக் கோபமாகப் பார்த்தான் என்று பொருள். முதல் தொடரில் வினையை நீக்கி ‘வாஸ்’ என்பதை இட்டாலும் தொடர் நிற்கும், இரண்டாவதில் நிற்காது. முன்னது இணைப்பு வினை, பின்னது செயல்வினை.

வேறுபாடு குறிக்கப்படும் இடம்

மேற்கண்ட இரண்டு தொடர்களின் தமிழ் வடிவங்களிலும் ‘கோபமாக’ என்னும் ஒரே சொல் வருகிறது. மாறியிருப்பது வினை: ‘தெரிந்தான்’, ‘பார்த்தான்’. ஆங்கிலத்தில் வினை மாறாமல் நிற்க, அதனை அடுத்த சொல் மாறுகிறது. ‘த சூப் டேஸ்ட்ஸ் சவர்’ என்பது ‘சாறு புளிப்பாக இருக்கிறது’ என்றாகிறது. ‘ஷி டேஸ்டட் த சூப் கேர்ஃபுலி’ என்பது ‘அவள் சாற்றைக் கவனமாகச் சுவைத்துப் பார்த்தாள்’ என்றாகிறது. தொடுதல் பற்றிய ‘ஃபீல்’ என்பதும் ‘மென்மையாக இருக்கிறது’ எனவும் ‘மெதுவாகத் தொட்டுப் பார்த்தாள்’ எனவும் பிரிகிறது.

ஆகவே இவ்வகைத் தொடர்களில் எழுவாயின் இயல்பையும் செயலின் விதத்தையும் வேறுபடுத்தும் பணியைத் தமிழில் பெரும்பாலும் வினை ஏற்கிறது. ஆங்கிலத்தில் வினையை அடுத்த சொல்லின் வடிவம் ஏற்கிறது. தமிழ் மாணவர் ‘-ஆக’ என்பதை மட்டும் நோக்கி மொழிபெயர்க்கும்போது, தம் மொழி வினையில் வைத்திருக்கும் குறிப்பை இழந்துவிடுகிறார். ‘எப்படி’ என்னும் சோதனையும் இங்கு உதவாது. ‘அவள் எப்படிப் பாடினாள்?’, ‘அவள் எப்படி இருக்கிறாள்?’ என இருவகைக்கும் அவ்வினா பொருந்துகிறது. ஆங்கிலத்தின் ‘ஹவ்’ என்னும் வினாவும் இத்தகையதே.

‘-ஆக’ ஈறு: ஒரு மறுநோக்கு

‘ஆக’ என்பது ‘ஆகு’ என்னும் வினையின் செய என்னும் வாய்பாட்டு எச்ச வடிவம். நன்னூல் சொற்களைப் பெயர், வினை, இடை, உரி என நான்காகப் பகுக்கிறது. ‘வினையடை’ என்னும் தனிச் சொல்வகை அப்பகுப்பில் இல்லை. இக்கால இலக்கண ஆய்வு இவ்வகையை ஏற்படுத்தியது பயனுடையதே. ஆயினும் ‘-ஆக’ ஈற்றுச் சொல் அனைத்தையும் அதனுள் அடக்குவது, ‘ஆகு’ என்பதே இணைக்கும் பொருளுடைய வினை என்பதை மறைக்கிறது. ‘அழகாக இருக்கிறாள்’ என்பதில் இணைக்கும் பணியில் ‘ஆக’, ‘இரு’ என்னும் இரண்டுக்கும் பங்கு உண்டு.

இருவகை ‘-ஆக’ வடிவங்களையும் தமிழுக்குள்ளேயே பிரித்தறிய ஒரு வழி உண்டு. ‘-ஆக’ என்பதை ‘-ஆன’ என்று மாற்றி, அது எப்பெயரோடு சேர்கிறது எனக் காணலாம். ‘வேகமாக ஓடினான்’ என்பது ‘வேகமான ஓட்டம்’ என்றாகும். அடை செயலின் பெயரைச் சார்கிறது. ‘குழந்தை அழகாக இருக்கிறது’ என்பது ‘அழகான குழந்தை’ என்றாகும். ‘அழகான இருப்பு’ என்றாகாது. முன்னது செயலைச் சார்ந்த அடை. பின்னது எழுவாயைச் சார்ந்த நிரப்பி. ஆங்கிலத்தில் முன்னதற்கு வினையடையும் பின்னதற்குப் பெயரடையும் வருவதை இச்சோதனையின் துணைகொண்டு மாணவர் முன்கூட்டியே அறியலாம். ‘நன்றாக’ போன்ற சில சொற்களுக்கு ‘-ஆன’ வடிவம் இயல்பாக அமையாது. அவற்றுக்கு ‘நல்ல’ என்பதை இட்டுக் காணவேண்டும்.

‘-லி’ ஈறு தரும் மயக்கம்

ஆங்கில ஈறும் ஒருபடித்தானதன்று. பழைய ஆங்கிலத்தில் ‘-லிச்’ என்பது பெயரடை ஈறாகவும் ‘-லிச்செ’ என்பது வினையடை ஈறாகவும் இருந்தன. இறுதி உயிர் தேய்ந்தபின் இரண்டும் ‘-லி’ என ஒன்றாயின. ‘ஃபிரெண்ட்லி’, ‘லோன்லி’ முதலியன இன்றும் பெயரடைகளாக நிற்பதற்கு இதுவே காரணம். ‘ஷி சீம்ஸ் ஃபிரெண்ட்லி’ என்பது பிழையற்ற தொடர். ‘ஃபாஸ்ட்’, ‘ஹார்ட்’ ஆகியன பழைய ஆங்கிலத்தில் ‘-எ’ என்னும் ஈறு பெற்று வினையடையாயின. அவ்வீறு மறைந்தபின் பெயரடையும் வினையடையும் ஒரே வடிவம் கொண்டன. ‘ஷி லுக்ஸ் வெல்’ என்பதில் வரும் ‘வெல்’, உடல்நலத்தைக் குறிக்கும் பெயரடை. எனவே ஈற்றை மட்டும் கொண்டு சொல்வகையை உறுதிசெய்யும் முறை ஆங்கிலத்துக்கும் முழுமையாகப் பொருந்துவதில்லை.

இணைப்பு வினையோடு வினையடை சேரும் இடங்கள்

இணைப்பு வினையை அடுத்து வினையடை வாராது என்னும் சுருக்க விதி, ஒரு பிழையைத் தடுத்து மற்றொன்றுக்கு வழிவகுக்கிறது. விதத்தைக் குறிக்கும் வினையடை நிரப்பியின் இடத்தைக் கொள்ளாது என்பதே இங்குக் கூறத்தக்கது. மற்ற இடங்களில் வினையடை தடையின்றி வருகிறது. ‘எக்ஸ்ட்ரீம்லி சவர்’ என்பதில் அது நிரப்பிக்குள் நின்று பெயரடையின் அளவைக் காட்டுகிறது. ‘ஷி சடன்லி பிகேம் சைலன்ட்’ என்பதில் நிகழ்வு முழுவதையும் தழுவுகிறது. ‘இட் ஸ்மெல்ஸ் ஸ்ட்ராங்லி ஆஃப் கார்லிக்’ என்பதில் பூண்டு மணத்தின் மிகுதியைக் குறிக்கிறது. பொருளின் இயல்பைக் கூறும் நிரப்பியாக அது நிற்கவில்லை.

வினையடை நிற்கும் வரிசையிலும் இணைப்பு வினைகள் ஒருதன்மையன அல்ல. ‘ஷி இஸ் ஆல்வேஸ் லேட்’ என்பதில் ‘ஆல்வேஸ்’ வினைக்குப் பின் வருகிறது; ‘ஷி ஆல்வேஸ் சீம்ஸ் டயர்ட்’ என்பதில் முன் வருகிறது. ‘பி’ துணைவினையின் பண்புகளைக் கொண்டது. எதிர்மறையிலும் வினாவிலும் ‘டூ’ என்பதன் துணையை அது வேண்டுவதில்லை. ‘சீம்’ வேண்டுகிறது. வினையடையின் வரிசை இவ்வேறுபாட்டைப் பின்பற்றுகிறது.

இடச்சொற்கள் பற்றிய கருத்து வேறுபாடு

‘ஷி இஸ் அப்ஸ்டேர்ஸ்’ என்னும் தொடர் மேற்கண்ட விளக்கத்துக்கு ஒரு சோதனை. குவர்க் முதலியோர் இதனை எழுவாய்–வினை–வினையடை உறுப்பு என்னும் தனித் தொடர்வகையில் அடக்குவர். ரோட்னி ஹடில்ஸ்டனும் ஜெஃப்ரி புல்லமும் 2002இல் வெளியிட்ட கேம்பிரிட்ஜ் இலக்கணம் இத்தகைய இடச்சொற்களை வினையடையினின்று பிரித்து, பெயரைத் தழுவாத முன்னிடைச்சொற்களாகக் கொள்கிறது. தமிழ்வழிக் கற்பித்தலுக்குப் பின்னைய பகுப்பு அணுக்கமானது. ‘மேலே இருக்கிறாள்’, ‘இங்கே இருக்கிறாள்’ என்னும் தொடர்களில் இடச்சொல் ‘-ஆக’ பெறுவதில்லை. ‘-ஆன’ சோதனைக்கும் உட்படுவதில்லை. இடச்சொல்லையும் விதச்சொல்லையும் தமிழும் வடிவத்தால் பிரித்தே வைத்துள்ளது.

முடிவுரை

‘வினையடை’ என்னும் ஒரு பெயர் சொல்வகையையும் தொடரில் அச்சொல் ஆற்றும் பணியையும் சேர்த்துச் சுமக்கிறது. வினையின் பக்கத்தில் நிற்பதெல்லாம் வினைக்கு அடை என்னும் எண்ணத்தை அப்பெயரே தோற்றுவிக்கிறது. தொடரில் ஒரு சொல் நிரப்பியா அடையா என்பதை முதலில் துணிந்து, அதன்பின் சொல்வகையைக் கூறும் வரிசையே ஆங்கிலத் தொடர்க் கற்பித்தலுக்கு ஏற்றது. இதன் பயன் ஆங்கில வகுப்போடு முடிவதில்லை. ‘-ஆக’ ஈற்றுச் சொல் அனைத்துக்கும் வினையடை எனக் குறியிடும் தமிழ் அகராதியும் கணினிவழிச் சொல்வகைக் குறியீடும், ‘அழகாகப் பாடினாள்’ என்பதையும் ‘அழகாக இருக்கிறாள்’ என்பதையும் ஒன்றாகவே பதிவுசெய்யும். தமிழ் பேசுவோர் வினையைக் கொண்டு எளிதில் உணரும் இவ்வேறுபாட்டுக்கு இலக்கண விளக்கத்திலும் இடம் தரப்படவேண்டும்.