மஸ்டாங் கெட்டுப்போனது 1971-லா, 1967-லா?

பழைய கார் ரசிகர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஒரே கதைதான்: 1964½ மஸ்டாங் ஒரிஜினல், 1969 உச்சம், 1971-ல் குண்டாகிக் கெட்டுப்போச்சு. இந்தக் கதையோடு எனக்குக் கொஞ்சம் தகராறு உண்டு.

முதலில் அந்த அரை. ஃபோர்டின் கணக்கில் 1964½ என்று ஒரு மாடலே கிடையாது. 1964 ஏப்ரல் 17-ல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் அறிமுகமான வண்டிகளின் அடையாள எண்ணும் 5-இல்தான் தொடங்கும். அதாவது 1965 மாடல். ஆனால் வித்தியாசம் பொய்யில்லை. ஆரம்ப வண்டிகளில் ஜெனரேட்டர், சில மாதம் கழித்து ஆல்டர்னேட்டர். 170 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சின் போய் 200 வந்தது; 260 வி8 போய் 289 வந்தது. எங்க தொழில் பாஷையில், வெர்ஷன் நம்பரை மாற்றாமல் உள்ளே தள்ளிய பேட்ச்.

அடிப்படை விலை 2,368 டாலர், அந்த 170 எஞ்சினின் சக்தி 101 குதிரைசக்தி. இதையா மஸில் கார் என்கிறோம்? அடியில் இருந்தது ஃபால்கன் என்ற சிக்கனக் குடும்பக் கார். சாதாரண 1965 மஸ்டாங்கின் ஸ்பீடோமீட்டர் கூட ஃபால்கன் பாணியில் நீளப் பட்டையாகத்தான் இருக்கும். 1966-ல்தான் எல்லா வண்டிக்கும் ஐந்து வட்ட மீட்டர்கள் வந்தன. அழகான வெளித்தோற்றம், மலிவான உட்பகுதி, நீளமான ஆப்ஷன் பட்டியல். வெற்றியின் ரகசியமே அதுதான். 1966 மாடல் மட்டும் ஆறு லட்சத்துக்கு மேல் விற்றது.

உண்மையான திருப்பம் 1967. 390 கன அங்குல பெரிய எஞ்சினை நுழைக்க வேண்டும், செவ்ரோலேவின் கமரோ வேறு எதிரே வந்துவிட்டது. அச்சுகளுக்கு இடையிலான தூரம் அதே 108 அங்குலம், ஆனால் உடம்பு 2.7 அங்குலம் அகலமானது. கனமான இரும்பு எஞ்சின் முன் சக்கரங்களின் மேல் உட்கார்ந்தது. நேர்ரோட்டில் பறக்கும், வளைவில் மூக்கை இழுக்கும். 1971-இன் பருமனுக்கு எல்லோரும் பங்க்கி நுட்சனைத் திட்டுகிறார்கள். அவர் ஃபோர்டுக்கு வந்ததே 1968 பிப்ரவரியில்தான். அவர் பங்கு இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் பெரிய எஞ்சினுக்காக உடம்பை வளர்க்கும் பழக்கம் அவருக்கு முன்னாலேயே தொடங்கிவிட்டது.

1969-ஐப் புகழ்பவர்கள் இரண்டு பாஸ்களையும் ஒரே தட்டில் வைக்கிறார்கள். அது சரியில்லை. பாஸ் 429-இன் எஞ்சின் வண்டிக்குள் அடங்கவே இல்லை. ஷாக் டவர்களை மாற்றியமைத்து, பேட்டரியை டிக்கிக்குத் தள்ளித்தான் பொருத்தினார்கள். பாஸ் 302 அப்படியல்ல. சின்ன வி8, உயர்ந்த ஆர்பிஎம், வளைவுக்கென்றே செய்த சஸ்பென்ஷன். 1970 டிரான்ஸ்-ஆம் பட்டத்தை ஃபோர்டுக்கு வாங்கித் தந்தது அதுதான். என் ஓட்டு அதற்கே.

1971-க்கு வரும்போது முதல் வண்டியைவிட ஏறக்குறைய 8 அங்குல நீளம், 6 அங்குல அகலம் கூடியிருந்தது. ஆனால் விற்பனை அதற்கு முன்பே, 1970-லேயே, இரண்டு லட்சத்துக்குக் கீழே விழுந்தாச்சு. போட்டி வண்டிகள், ஏறிய இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்த கணக்கு அது.

1974-ல் வந்த மஸ்டாங் இரண்டு சின்ன உடம்போடு, அந்த வருடம் வி8-ஏ இல்லாமல், மூன்றே முக்கால் லட்சத்துக்கு மேல் விற்றது. அதைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் ஆறு சிலிண்டர் 1965-இன் ஸ்பெக் ஷீட்டைக் கொஞ்சம் எடுத்துப் பார்க்கட்டும்.