கோயாவின் செப்புத்தகட்டு ஓவியங்களில் தன்மை இடம்

ஸ்பானிய ஓவியர் பிரான்சிஸ்கோ கோயா (1746–1828) படைத்த அச்சோவியத் தொடர்களுள் ‘லாஸ் கப்ரிச்சோஸ்’ (1799) மனித வேட்கையின் கோணல்களையும், 1810 முதல் அவர் செதுக்கிய ‘போரின் பேரழிவுகள்’ நெப்போலியப் படையெடுப்பின் கொடுமைகளையும் காட்டுவன. இப்படங்களின் அடியில் உள்ள சிறு தொடர்களை வெறும் பெயர்ச்சீட்டுகளாகக் கொள்வாரும் உளர். அது பொருந்தாது. மெழுகு பூசிய தகட்டை ஊசியால் கீறி, கீறிய இடத்தை அமிலம் அரிக்கவிட்டு, மையிட்டு அச்சிடுவது எட்சிங் முறை. அச்சில் இடவலம் மாறுமாதலின் எழுத்தையும் தகட்டில் மாற்றியே வெட்டவேண்டும். கப்ரிச்சோஸ் தொடரில் படமும் சொல்லும் ஒரே தகட்டிலிருந்து தாளில் இறங்குகின்றன. ‘பேரழிவுகள்’ 1863இல்தான் வெளிவந்ததெனினும், அதன் தொடர்கள் கோயா தம் நண்பர்க்கு அளித்த சோதனைப் படிகளிலேயே பென்சிலால் எழுதப்பட்டிருந்தவை.

கப்ரிச்சோஸ் 75ஆம் படத்தில், சேர்த்துக் கட்டப்பட்ட ஆணும் பெண்ணும் விலகத் திமிறுகின்றனர். பெண்ணின் தலைமேல் மூக்குக்கண்ணாடி அணிந்த பேராந்தை ஒன்று அமர்ந்துள்ளது. மணமுறிவுக்கு இடந்தராத சமூகத்தின் மணவாழ்வே இது என்பர். கட்டவிழ்ப்பார் எவருமில்லையா என வினவும் அதன் தொடரில் ‘நோஸ்’ என்னும் தன்மைப் பன்மை வருகிறது. தமிழாக்குவோர் இங்கு ‘எங்களை’, ‘நம்மை’ என்னும் இரண்டனுள் ஒன்றைத் தேர்ந்தாகவேண்டும். ஸ்பானியத்தில் இவ்வேறுபாடு இல்லை. ‘நம்மை’ எனின் ஒருவர் மற்றவரிடம் முறையிடுவதாகும். பார்ப்போரும் அக்கட்டினுள் அகப்பட்டார் எனவும் கொள்ளலாம். ‘எங்களை’ எனின் இருவரும் ஒரே குரலில் புறத்தாரை விளிக்கின்றனர். பின்னதே சிறந்தது. பிரியத் துடிப்போர் தம் வேண்டுகோளிலும் ஒரே சொல்லுள் பிணைந்து கிடப்பதே இப்படத்தின் கசப்பு.

போர்த் தொடரில் தன்மை இடம் வேறுவகையாகத் தொழிற்படுகிறது. 26ஆம் படத்தில் குகையொத்த இருளில் மக்கள் மண்டியிட்டுக் கதறுகின்றனர். வலப்புற விளிம்பிலிருந்து துப்பாக்கிமுனைக் கத்திகள் மட்டும் நீள்கின்றன. ஏந்திய வீரர் எவரும் இல்லை. அடியிலுள்ள ‘நோ சே புவேதே மிரார்’ என்னும் தொடரிலும் எழுவாய் இல்லை. இதனை ஆங்கிலத்தில் பெயர்ப்போர் ‘ஒருவர்’ என்று ஓர் எழுவாயைப் புகுத்த நேர்கிறது. தமிழின் ‘பார்க்க முடியாது’ அவ்வாறன்று. ‘முடியாது’ என்பது இடங்காட்டும் விகுதி ஏலாதது. கொல்வோன் படத்திலும் இல்லை, தொடரிலும் இல்லை.

44ஆம் படத்தின் தொடர் ‘யோ லோ வி’ என்பது. ஸ்பானிய வினைவிகுதி தானே தன்மையை உணர்த்துமாதலின் ‘யோ’ வேண்டுவதில்லை, வலியுறுத்தற்கே வந்தது. ‘கண்டேன்’ என்றால் தமிழிலும் பொருள் முடிந்துவிடும். மூலத்தின் அழுத்தத்திற்கு ‘நானே கண்டேன்’ என்பதே நிகராகும். குழந்தைகளோடு தப்பியோடும் பெண்களைக் காட்டும் அடுத்த படத்தின் தொடரில் வினையே இல்லை. தமிழில் அதற்கு ‘இதுவும்’ என்னும் ஒரு சொல் போதும். முற்படத்தின் ‘கண்டேன்’ அவ்வும்மையில் தொக்கு நிற்கிறது.