மார்ட்டினி-ஹென்றிக்குத் தோட்டா எங்கே?

2003-ஆம் ஆண்டில் காட்மாண்டுவின் பழைய ஆயுதக் கிடங்கான லகன் சிலேகானா அரண்மனையிலிருந்து ஆயிரக்கணக்கான மார்ட்டினி-ஹென்றி ரைஃபிள்கள் அமெரிக்க வணிகர்களின் கைக்குப் போயின. 1871-இல் பிரிட்டிஷ் படை ஏற்றுக்கொண்ட ஒற்றைத் தோட்டா ரைஃபிள் அது. 1888-இல் லீ-மெட்ஃபோர்டு ரைஃபிள் வந்ததும் மெல்ல மெல்ல ஓரங்கட்டப்பட்டது. அமெரிக்கச் சட்டப்படி 1898-ஆம் ஆண்டு முடிவதற்குள் செய்யப்பட்ட துப்பாக்கி பழம்பொருள். அதனால் வாங்குவதில் சிரமம் இருக்கவில்லை. துடைத்து, கெட்டிப்பட்ட கிரீஸைச் சுரண்டி எடுத்த பிறகுதான் கேள்வி வந்தது: இதில் எதைப் போட்டுச் சுடுவது?

577/450 என்ற அதன் தோட்டா எந்தத் துப்பாக்கிக் கடையிலும் சாதாரணமாகக் கிடைப்பதில்லை. வழக்கொழிந்த கேலிபர் ரைஃபிளை வைத்திருப்பவர் எவருக்கும் இதே கதைதான். அவர் முன் நான்கு வழிகள் இருக்கின்றன. பழைய இருப்பைத் தேடலாம், சிறு தயாரிப்பாளரிடம் புதிதாக வாங்கலாம், கையால் தோட்டா கட்டலாம், அல்லது கிடைக்கிற தோட்டாவுக்கு ஏற்பத் துப்பாக்கியையே மாற்றலாம். சுடுபவரின் உயிர், துப்பாக்கியின் அசல் தன்மை, செலவு என்ற வரிசையில்தான் இவற்றை எடைபோட வேண்டும். செலவை முதலில் வைத்தவர்கள்தான் பெரும்பாலும் மற்ற இரண்டையும் இழந்திருக்கிறார்கள்.

பழைய இருப்பைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. நூறாண்டு கடந்த தோட்டா சேகரிப்புப் பெட்டிக்கு உரியது. தோட்டாவின் அடியிலிருந்து மருந்தைப் பற்றவைக்கும் அக்காலத்துக் கேப்பில் பாதரசச் சேர்மம் இருந்தது. வெடித்ததும் பாதரசம் தோட்டாவின் பித்தளைக் கூட்டுக்குள் ஊடுருவி அதை நொறுங்க வைக்கும், கூடு மறுமுறைக்கு உதவாது. பொட்டாசியம் குளோரேட் கலந்த கேப் குழலுக்குள் உப்பை விட்டுச் செல்லும். வெந்நீர் ஊற்றிக் கழுவாவிட்டால் குழல் உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்கும். விசையை இழுத்ததும் வெடிக்காமல், ஓரிரு கணம் தாமதித்து வெடிக்கும் தோட்டாவும் அந்தப் பெட்டிகளில் உண்டு. வெடிக்கவில்லையே என்று உடனே லீவரைத் திறப்பவருக்கு அந்தத் தாமதமே ஆபத்து.

துப்பாக்கியை மாற்றும் வழிக்குத் தெளிவான சாட்சி ஜப்பானிய அரிசாகா. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் நினைவுப்பொருளாகக் கொண்டுவந்த 7.7 மில்லிமீட்டர் அரிசாகாக்களுக்குத் தோட்டா கிடைக்கவில்லை. பட்டறைக்காரர்கள் தோட்டா அறையைக் கடைந்து 30-06 தோட்டா நுழையும்படி செய்தார்கள். அறை மாறியது, குழல் மாறவில்லை. 0.308 அங்குலக் குண்டு அதைவிட அகன்ற குழலில் பிடிமானமின்றிப் பாய்ந்தது, குறி தவறியது. இன்று அந்தத் துப்பாக்கிகளுக்குச் சேகரிப்பாளரிடமும் மதிப்பில்லை, சுடுபவரிடமும் மதிப்பில்லை. மார்ட்டினியையே பிரிட்டிஷ் தொழிற்சாலைகள் 303 தோட்டாவுக்கு மாற்றவில்லையா என்று கேட்கலாம். மாற்றின, மார்ட்டினி-என்ஃபீல்டு என்ற பெயரில் புதுக் குழலே பொருத்தி மாற்றின. தொழிற்சாலை அவ்வளவு செய்து சாதித்ததை அறையை மட்டும் கடைந்து சாதிக்க நினைத்தது தவறு. அசல் துப்பாக்கியை இப்படிக் கடைவதை எந்த நிலையிலும் நான் ஏற்கமாட்டேன்.

மிஞ்சுவது இரண்டு: வாங்குவது, கட்டுவது. விவாதத்துக்கு உரியவை இவைதான்.

தொழிற்சாலைத் தோட்டாவை நம்பியவர்கள் கைவிடப்பட்ட வரலாறு இந்தியாவோடு பிணைந்தது. 1907-இல் பிரிட்டிஷ் அரசு 450 கேலிபர் ரைஃபிளும் தோட்டாவும் இந்தியாவுக்குள் வரத் தடை போட்டது. வேட்டைக்காரரின் தோட்டாவிலிருந்து குண்டைக் கழற்றி, கலகக்காரர்கள் தங்களிடமுள்ள மார்ட்டினி-ஹென்றிக்குப் பயன்படுத்திவிடுவார்கள் என்ற அச்சம் அதற்குப் பின்னால் இருந்தது. கையால் தோட்டா கட்டும் திறமைக்கு அஞ்சி ஒரு பேரரசு போட்ட சட்டம் என்றே இதைச் சொல்லலாம். இந்தியச் சந்தையை இழக்க விரும்பாத லண்டன் துப்பாக்கிக்காரர்கள் 450-ஐ விட்டுச் சற்று விலகிப் புதுக் கேலிபர்களை உருவாக்கினார்கள். ஜோசப் லாங் 470, ஹாலண்டு அண்டு ஹாலண்டு 465, வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் 476 என்று ஆளுக்கொன்று. யானை, காட்டெருமை வேட்டைக்கான இரட்டைக் குழல் ரைஃபிள்கள் இவை. இவற்றின் தோட்டாவுக்குப் பெரும்பாலும் பர்மிங்ஹாமின் கைனாக் நிறுவனத்தையே நம்பியிருந்தார்கள். 1970-ஐ ஒட்டிக் கைனாக் பெரிய தோட்டாக்கள் செய்வதை நிறுத்தியதும், ஒரு வீட்டின் விலைக்கு நிகரான துப்பாக்கிகள் சுவரில் தொங்கும் அலங்காரமாயின.

பின்னர் நிலைமை திரும்பியது. அமெரிக்காவில் சிறு பட்டறைகள் பித்தளைக் கூடு செய்தன; 1980-களின் இறுதியில் ஃபெடரல் நிறுவனம் 470 தோட்டாவைத் தயாரிக்கத் தொடங்கியது; கைனாக் பெயரும் பிரிட்டனில் மறுபிறவி எடுத்தது. 405 வின்செஸ்டரும் இப்படித்தான். 1904-இல் வந்த அந்தத் தோட்டா, தியோடர் ரூஸ்வெல்ட் 1909-இல் ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனது. ஓசூர், தர்மபுரிக் காடுகளில் வேட்டை எழுத்தாளர் கென்னத் ஆண்டர்சன் நம்பிய ரைஃபிளின் தோட்டாவும் அதுவே. 1950-களில் நின்றுபோனது, ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து ஹார்னடி நிறுவனத்தால் மீண்டது. பெரிய பெயர் உள்ள கேலிபருக்கு, பணமுள்ள ரசிகர்கள் இருந்தால், தொழிற்சாலை திரும்பி வரும் என்பது உண்மைதான். ஆனால் அந்த வருகையை நிறுவனத்தின் லாபக் கணக்குத்தான் தீர்மானிக்கிறது. டச்சு போமாண்ட், இத்தாலிய வெட்டர்லி போன்ற எளிய சிப்பாய்த் துப்பாக்கிகளுக்கு அப்படி யாரும் ஓடி வரவில்லை.

வாங்கும் வழிக்கு இன்னொரு குறையும் உண்டு. தயாரிப்பாளர் உங்கள் துப்பாக்கியைப் பார்த்ததில்லை. மார்ட்டினிக்குப் பெயர் 450. குழலின் உண்மையான அகலம் அதைவிடக் கூடுதல், அதுவும் துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும். 45-70 ரைஃபிளுக்கான 0.458 அங்குலக் குண்டு இதில் தொளதொளவென்று போகும். இரட்டைக் குழல் ரைஃபிளில் நுணுக்கம் இன்னும் கூடுகிறது. ஒரு குறிப்பிட்ட எடைக் குண்டு, ஒரு குறிப்பிட்ட வேகம் என்று வைத்துத்தான் இரு குழல்களையும் ஒரே புள்ளியில் சுடும்படி சேர்த்துப் பற்றவைத்திருப்பார்கள். வேகம் மாறினால் வலக்குழல் ஓரிடம், இடக்குழல் வேறிடம். எல்லாருக்கும் பொதுவாகச் செய்த தோட்டா, ஒருவரது துப்பாக்கிக்குப் பொருந்துவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

கையால் கட்டும் வழி இங்கேதான் முந்துகிறது. ஈயத்தை உருக்கிக் குண்டு வார்க்கலாம், கரிமருந்து இன்றும் தயாராகிறது, கேப் கிடைக்கிறது. தடை போடுவது பித்தளைக் கூடு ஒன்றுதான். ஒரு கேலிபர் செத்ததா, உயிரோடு இருக்கிறதா என்பதற்கு என் அளவுகோல் இது: அதே அடிப்புற விட்டமுள்ள வேறொரு கூடு இன்றும் தொழிற்சாலையில் தயாராகிறதா? மார்ட்டினிக்கு அந்த நல்வாய்ப்பு வாய்த்தது. பிரேசிலின் மேக்டெக் நிறுவனம் செய்யும் 24 போர் ஷாட்கன் பித்தளைக் கூடு, அடிப்புறத்தில் ஏறக்குறைய 577/450-க்கு நிகரானது. நீளம் சற்று அதிகம், நறுக்கிக்கொள்ளலாம்.

நேராக நிற்கும் அந்தக் கூட்டைத் தோளும் கழுத்தும் உள்ளதாக ஒடுக்குவதுதான் வேலை. கூட்டின் அடிப்பகுதி தண்ணீரில் மூழ்கும்படி தட்டில் நிறுத்தி, வாய்ப்பகுதியை மட்டும் தீச்சுடரால் காய்ச்ச வேண்டும். மங்கிய வெளிச்சத்தில் செய்தால் லேசான செந்நிறம் தெரியும். தெரிந்ததும் தண்ணீரில் சாய்த்துவிட வேண்டும். வாய் இளகும், அடி இறுகியே இருக்கும். அடியும் இளகினால் அந்தக் கூடு குப்பைக்கு. வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்குவது அதுதான். பிறகு எண்ணெய் தடவி அச்சில் படிப்படியாக அழுத்த வேண்டும். எண்ணெய் மிகுந்தால் தோளில் குழி விழும், குறைந்தால் கூடு அச்சில் சிக்கிக்கொள்ளும். முழு வடிவம் இங்கே வருவதில்லை. முதல் முறை சுடும்போது கூடு அறைச் சுவரோடு ஒட்டி விரிந்து கடைசி வடிவத்தைப் பெறுகிறது. அதற்குப் பிறகு அது அந்த ஒரு ரைஃபிளுக்கான கூடு. பக்கத்து மார்ட்டினியில் நுழையாமலும் போகலாம்.

அதற்கும் முன்பு அறையின் வார்ப்பு எடுக்க வேண்டும். 70 முதல் 88 டிகிரி செல்சியஸுக்குள் உருகும் செரோசேஃப் என்ற பிஸ்மத் கலவையை ஊற்றி, இறுகியதும் தள்ளி எடுத்து அளந்தால், அறையின் அளவு மட்டுமல்ல, அரிப்பும் தேய்மானமும் தெரிந்துவிடும். இதைச் செய்யாமல் தோட்டா கட்டுபவரின் திறமையை நான் நம்பமாட்டேன். கையிலிருப்பது மார்ட்டினிதானா என்பதையும் பார்க்க வேண்டும். காட்மாண்டுச் சரக்கில் மார்ட்டினி போலவே தோன்றும் கஹேந்திரா ரைஃபிள்களும் வந்தன. நேபாளத்திலேயே கைவேலையாகச் செய்யப்பட்டவை. அவற்றைச் சுடக் கூடாது என்பது சேகரிப்பாளர்களிடையே பரவலான எச்சரிக்கை. எவ்வளவு நேர்த்தியான தோட்டாவும் அந்த இரும்பின் குறையை ஈடுகட்டாது.

மருந்து விஷயத்தில் கைவேலைக்காரர்களில் ஒரு சாராரோடு எனக்கு உடன்பாடில்லை. கரிமருந்தின் புகைக்கும் கசடுக்கும் சலித்து, புகையில்லா மருந்தைச் சிறிதளவு போட்டு, மீதி இடத்தைப் பஞ்சு போன்ற எதனாலாவது நிரப்புகிறார்கள். அசல் தோட்டா 85 கிரெயின் கரிமருந்தும் 480 கிரெயின் குண்டும் கொண்டது. அந்த அழுத்தத்துக்குத்தான் அந்த எஃகு. கரிமருந்துக்கென்றே அமைந்த அந்தப் பெரிய கூட்டில் கரிமருந்தின் அளவு கொஞ்சம் கூடினாலும் உடனே கண்ணில் படும். அதே கூட்டில் புகையில்லா மருந்து தவறி இருமுறை விழுந்தாலும் வெளியே தெரியாது. நூற்றைம்பது வயதான துப்பாக்கியில் அந்தத் தவறுக்கு இடமே கொடுக்கக் கூடாது.

தொழிற்சாலைத் தோட்டா எப்போதும் கைவேலையைவிட மேல் என்று நினைப்பவர்களுக்கு மார்ட்டினியின் வரலாறே பதில். வுல்விச் அரசுத் தொழிற்சாலை செய்த அசல் கூடு, மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டி இரும்பு அடியில் பொருத்தியது. குழல் சூடேறி மணலும் சேர்ந்தால் கூடு அறையில் ஒட்டிக்கொண்டு அடி மட்டும் கழன்று வந்தது. 1880-களில் சூடான் போரில் அது பெரும் புகாரானது. இன்று மேசையில் ஒடுக்கிய 24 போர் கூடு அதைவிட உறுதியானது.

கைவேலைக்கு எதிரான வலுவான வாதம் சட்டத்திலிருந்து வருகிறது. பிரிட்டனில் வழக்கொழிந்த கேலிபர் துப்பாக்கியை அலங்காரப் பொருளாக வைத்திருக்க உரிமம் வேண்டாம். தோட்டா கிடைக்காது என்பதே அந்தச் சலுகைக்கு அடிப்படை. தோட்டா கட்டத் தெரிந்தவர் அந்த அடிப்படையையே தகர்க்கிறார். பழங்காலக் கைத்துப்பாக்கிகளுக்குத் தோட்டா கட்டிக் குற்றக் கும்பல்களுக்கு வழங்கிய ஒருவருக்கு 2017-இல் 30 ஆண்டுச் சிறை விதித்தார்கள். 2021-இல் ஏழு கேலிபர்களைச் சலுகைப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். நீக்கியது சரி என்பதே என் கருத்து. ஆனால் அந்த ஏழும் சட்டைக்குள் மறைக்கக்கூடிய கைத்துப்பாக்கிகளுக்கானவை. நாலடி நீள மார்ட்டினிக்கு அந்தப் பழியை நீட்டுவது பொருந்தாது. அங்கேயும் மார்ட்டினியைச் சுட நினைப்பவர் உரிமம் பெற்றாக வேண்டும். அது போதுமான காவல்.

சட்டம் அனுமதிக்கும் நாட்டில், அறையை அளந்து, கரிமருந்தோடு கட்டிய தோட்டாவுக்கே முதலிடம். இரண்டாமிடம் புதிதாகத் தயாரான தொழிற்சாலைத் தோட்டாவுக்கு. ஆண்டுக்கு ஒருமுறை பத்துத் தோட்டா சுடுபவருக்கு அதுவே போதும், அச்சும் கருவியும் வாங்குவது வீண். மற்ற இரண்டு வழிகளும் தள்ளுபடி.

நம் இந்தியாவில் இந்தக் கணக்கே வேறு. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். தோட்டாவின் பாகங்களும், அதைச் செய்யும் கருவிகளும்கூட அச்சட்டத்தின் வரையறைக்குள் வருகின்றன. எஸ்டேட் வீட்டிலோ பழைய ஜமீன் வீட்டிலோ தாத்தா காலத்து ரைஃபிளும் பச்சை படிந்த நாலு தோட்டாவும் பெட்டிக்கடியில் கிடந்தால், சுட்டுப் பார்க்காதீர்கள், கழற்றிப் பார்க்காதீர்கள், பையில் போட்டு எடுத்துக்கொண்டும் போகாதீர்கள். உள்ளூர்க் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்கள். அவர்களே வந்து எடுத்துக்கொள்ளட்டும்.