அறியாதவர் இருவர்

எத்தியேன் தவோதோ என்னும் பிரெஞ்சு ஓவியர் 2011இல் வெளியிட்ட 'லே இஞ்ஞோரான்' ஒரு சித்திர நூல். 'அறியாதவர்கள்' என்பது பெயரின் பொருள். லுவார் ஆற்றுப் பகுதியில் சிறு திராட்சைத் தோட்டம் வைத்து மது ஆக்கும் ரிஷார் லெருவா அவர்தம் நண்பர். ஓவியர்க்குத் தோட்டத் தொழில் தெரியாது. உழவர்க்குச் சித்திரக்கதை தெரியாது. ஒருவர் தொழிலை மற்றவர் கற்பதே நூற்பொருள்.

நூலின் உயிர் குளிர்காலக் கவாத்தில் உள்ளது. இலையுதிர்ந்த கொடியில் எதை வெட்டுவது, எதை விடுவது? லெருவா சொல்லால் விளக்குவதோடு நில்லாமல் நண்பரையும் வெட்டச் செய்கிறார். கற்பவனின் தடுமாற்றத்தைத் தவோதோ மறைக்காமல் வரைந்துள்ளார். ஆசிரியப் பயிற்சி பெறுவோர் இப்பக்கங்களையேனும் காணுதல் நன்று.

லெருவா களைக்கொல்லியை நாடாதவர். பசுவின் கொம்பில் சாணம் நிரப்பிக் குளிர்காலத்தில் மண்ணுள் புதைத்து, பின்னர் அதில் சிறிதளவை நீரிற் கலக்கித் தெளிக்கும் முறையையும் கையாள்பவர். 1924இல் ருடோல்ப் ஸ்டைனர் ஆற்றிய சொற்பொழிவுகளில் தோன்றிய முறை இது. இதன் பயனுக்கு வலுவான அறிவியற் சான்று இல்லை. இவ்விடத்தில் ஓவியர் இன்னும் அழுத்தி வினவியிருக்கலாம். அறியாமையை ஒப்புக்கொண்டவர்க்குக் கேட்கும் உரிமை மிகுதியன்றோ? நட்பு அவர் நாவைக் கட்டிவிட்டது போலும்.

எனினும், கறுப்பு வெள்ளையிலேயே தீட்டிய துணிவு பாராட்டுக்குரியது. பனிபடர்ந்த தோட்டமும் மை மணக்கும் அச்சகமும் ஒரே சாம்பல் நிறத்தில் அமைகின்றன. அச்சகத்தில் தாள்கள் வெளிவருவதை லெருவா உற்று நோக்குகிறார். அங்கே மாணவர் அவர்.