மூன்று வாரம், மூன்று கோப்பை: காஸ்பர் ரூட்டின் செம்மண் பாதை

2021 ஜூலையில் முன்னணி டென்னிஸ் ஆட்டக்காரர்கள் பலர் டோக்கியோ ஒலிம்பிக்கிற்குப் புறப்பட்டார்கள். நார்வேயின் காஸ்பர் ரூட் போகவில்லை. அப்போது அவருக்கு 22 வயது. சுவீடனின் பாஸ்டாட், சுவிட்சர்லாந்தின் க்ஸ்டாட், ஆஸ்திரியாவின் கிட்ஸ்பியூல் என்று அடுத்தடுத்து மூன்று வாரம் செம்மண் தரையில் ஆடி மூன்று கோப்பைகளையும் வென்றார். தொடர்ந்து மூன்று வாரம் மூன்று பட்டம் என்பது 2011இல் ஆண்டி மர்ரேக்குப் பிறகு யாருக்கும் வாய்க்காதது. ஒவ்வொன்றும் ஏடிபி 250 வகைப் போட்டி; ஆக மொத்தம் 750 தரவரிசைப் புள்ளிகள். அந்த நாளைய கணக்கில் ஒரு கிராண்ட்ஸ்லாம் அரையிறுதிக்கு 720 புள்ளிகள்தான். செப்டம்பரில் ரூட் உலகின் முதல் பத்துக்குள் வந்தார். நார்வேக்காரர் ஒருவர் அந்த இடத்தைத் தொட்டது அதுவே முதல் முறை. அவருடைய தந்தை கிறிஸ்டியன் ரூட்டின் உச்சம் 39ஆம் இடம்.

பாராட்டோடு வசையும் வந்தது. பெரிய ஆட்டக்காரர்கள் வராத சின்னப் போட்டிகளைத் தேடிப்போய்ப் புள்ளி சேர்க்கிறார் என்று ஆஸ்திரேலியாவின் நிக் கிர்ஜியோஸ் வெளிப்படையாகக் குறை சொன்னார். இந்தக் குற்றச்சாட்டுக்கு வயது அதிகம். 1995இல் ஆஸ்திரியாவின் தாமஸ் முஸ்டர் 12 பட்டங்கள் வென்றார். அவற்றில் 11 செம்மண்ணில். மறு ஆண்டு பிப்ரவரியில் அவர் உலகின் முதலிடத்துக்கு வந்தபோது, விம்பிள்டனில் ஒரு ஆட்டம்கூட வெல்லாதவர் எப்படி முதல்வர் ஆவார் என்று கேட்டார்கள். கடைசிவரை அவர் விம்பிள்டனில் வெல்லவே இல்லை. ஆனால் 1997இல் மியாமியின் கடினத் தரையில் பட்டம் வென்று பாதிப் பதிலையாவது சொல்லிவிட்டார்.

250 வகைப் போட்டிகளை மட்டமாகப் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை. சென்னைக்காரர்களுக்கு இதில் ஒரு சொந்த நியாயம் உண்டு. நுங்கம்பாக்கம் விளையாட்டரங்கில் இருபது ஆண்டுகளாக, 2017 வரை, ஆண்டுதோறும் நடந்ததும் இந்த வகைப் போட்டிதான். பாரிஸின் பிரெஞ்சு ஓபனில் 1998இல் பட்டம் வென்ற கார்லோஸ் மோயா 2004, 2005 இரண்டு ஆண்டுகளும் இங்கே கோப்பையைத் தூக்கினார். நடால் 2008 இறுதிப்போட்டியில் இங்கே தோற்றார். வாவ்ரிங்கா நான்கு முறை வென்றார். 2014இல் இங்கே வென்ற அதே மாதம் ஆஸ்திரேலிய ஓபனையும், 2015இல் இங்கே வென்ற அதே ஆண்டு பிரெஞ்சு ஓபனையும் கைப்பற்றினார். சின்னப் போட்டியில் வென்று பழகுவது பெரிய போட்டிக்கு இடைஞ்சல் அல்ல என்பதை நம் ஊர் மைதானத்திலேயே பார்த்திருக்கிறோம். ரூட் வென்ற அந்த மூன்று ஊர்களும் ஒரே மாதிரியானவையும் அல்ல. பாஸ்டாட் கடலோரம். க்ஸ்டாட் ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரத்தில் ஆல்ப்ஸ் மலையில் இருக்கிறது. அங்கே காற்று லேசு, பந்து பறக்கும். கிட்ஸ்பியூலும் மலை ஊர்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடல் மட்டத்தில் இறுதிப்போட்டி ஆடிவிட்டு, சில நாட்களில் மலையில் பந்தின் வேகத்துக்குக் கையைப் பழக்கிக்கொண்டு மறுபடி வெல்வது தற்செயலாக நடப்பதல்ல.

அப்படியானால் ரூட்டுக்குச் செம்மண் என்ன தந்தது, எதைத் தரவில்லை? இதற்குத் தரையின் இயல்பிலிருந்து தொடங்க வேண்டும்.

பிரெஞ்சு ஓபன் தரையின் மேலே இருப்பது ஓரிரு மில்லிமீட்டர் கனத்துக்குப் பொடித்த செங்கல் தூள். அதன் அடியில் சுண்ணாம்புக்கல். பந்து விழும்போது அந்தத் தூள் அதன் முன்னோக்கிய வேகத்தைப் பிடித்து நிறுத்துகிறது. மேற்சுழற்சியோடு வந்த பந்து உயரமாக எம்புகிறது. வேகமான சர்வீஸின் கூர்மை மழுங்குகிறது. திருப்பி அடிப்பவருக்கு நேரம் கிடைக்கிறது. புல்தரையில் இரண்டு நல்ல சர்வீஸ்காரர்கள் மோதினால் ஒரு செட்டின் முடிவு ஒன்றிரண்டு புள்ளிகளில் தொங்கும். சற்றே குறைந்தவருக்கும் அதிர்ஷ்டம் கைகொடுக்கும். செம்மண்ணில் கிட்டத்தட்ட ஒவ்வொரு புள்ளியும் உண்மையான போராட்டம். ஒருவர் மற்றவரைவிடச் சிறிதளவே மேலானவராக இருந்தாலும், அந்தச் சிறிய வேறுபாடு நூறு புள்ளி, இருநூறு புள்ளி என்று சேர்ந்து பெரிதாகிவிடும். செம்மண் யாருக்கும் சலுகை காட்டுவதில்லை. இருக்கிற வேறுபாட்டைப் பெருக்கிக் காட்டுகிறது. ரூட்டின் வெற்றிக்கும் எல்லைக்கும் காரணம் இந்த ஒரே குணம்தான் என்பது என் கருத்து.

ரூட் 2018 முதல் ஸ்பெயினின் மனகோரில் உள்ள நடால் அகாடமியில் பயிற்சி பெற்றவர். அவருடைய ஆயுதம் ஃபோர்ஹேண்ட். பேக்ஹேண்ட் மூலைக்கு வரும் பந்தையும் சுற்றி ஓடிப்போய் ஃபோர்ஹேண்டால் எதிராளியின் பேக்ஹேண்டுக்கே அடிப்பார். கனமான மேற்சுழற்சியோடு தோளுயரம் எழும் பந்து. அதைத் தொடர்ந்து திருப்பிக்கொண்டிருப்பது எவருக்கும் சித்திரவதை. மனநிலை சீரானது, ராக்கெட்டை உடைப்பதும் நடுவரோடு சண்டையும் அவரிடம் அரிது. முப்பதாம் இடத்துக்கும் நூறாம் இடத்துக்கும் இடைப்பட்ட எதிராளியைவிட அவர் எல்லா வகையிலும் கொஞ்சம் மேல். அந்தக் கொஞ்சத்தைச் செம்மண் பெருக்கிக் கொடுத்தது. மூன்று வாரம் சறுக்காமல் வென்றதன் ரகசியம் இதுவே. கடினத் தரையில் அதே அளவு மேலானவர் மூன்று வாரத்தில் ஒரு நாளாவது ஒரு சர்வீஸ் அசுரனிடம் இரண்டு டை-பிரேக்கில் மாட்டிக்கொள்வார்.

ஆனால் எதிரே நிற்பவர் கொஞ்சம் மேலானவராக இருந்தால் இதே கணக்கு தலைகீழாகும். 2022 பிரெஞ்சு ஓபன் இறுதிப்போட்டி. எதிரே தன் அகாடமியின் தலைவர் நடால். இரண்டாவது செட்டில் ரூட் 3–1 என்று முன்னால் இருந்தார். அதற்குப் பிறகு ஒரு கேம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. நடால் தொடர்ந்து 11 கேம்களை எடுத்து 6–3, 6–3, 6–0 என்று முடித்தார். மறு ஆண்டு இறுதியில் ஜோகோவிச்சுக்கு எதிராக முதல் செட்டில் 4–1 முன்னிலை. டை-பிரேக்கில் அது போனது, மூன்றே செட்டில் ஆட்டமும் போனது. புல்தரையாக இருந்தால் இப்படி ஒரு முன்னிலையை நான்கு நல்ல சர்வீஸால் காப்பாற்றியிருக்க வாய்ப்புண்டு. செம்மண்ணில் ஒளிந்துகொள்ள இடமில்லை. 2025 மே மாதம் இன்னும் கொடுமை: மாட்ரிட்டில் தன் வாழ்வின் மிகப் பெரிய பட்டத்தை வென்று இரண்டு வாரம்கூட ஆகாதபோது, ரோம் காலிறுதியில் யானிக் சின்னரிடம் 6–0, 6–1 என்று தோற்றார். சின்னர் கடினத் தரையில் பெயர் பெற்றவர். மூன்று மாதத் தடைக்குப் பின் அந்தப் போட்டியில்தான் திரும்பியிருந்தார்.

ரூட்டை விமர்சிப்பவர்கள் இரண்டு வேறு விஷயங்களைக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, விம்பிள்டனுக்குப் பிறகு ஜூலையில் அமெரிக்கக் கடினத் தரைப் பயிற்சிக்குப் போகாமல் ஐரோப்பியச் செம்மண்ணுக்குத் திரும்புவது. மற்றொன்று, ஜூன் மாதப் புல்தரைப் பருவத்தை ஒப்புக்கு ஆடுவது. முதலாவதைக் குற்றம் என்று நிரூபிக்க முடியாது. 2021இல் ஜூலைச் செம்மண்ணுக்குப் பின் அமெரிக்க ஓபனில் இரண்டாம் சுற்றில் தோற்றார். 2022இல் க்ஸ்டாட்டில் வென்றுவிட்டுப் போய் அமெரிக்க ஓபன் இறுதிக்கே வந்தார். 2023இல் பாஸ்டாட் இறுதியில் ருப்லெவிடம் தோற்றுவிட்டுப் போய் மறுபடி இரண்டாம் சுற்றில் சீனாவின் ஜாங் ஜிஜெனிடம் தோற்றார். ஒரே பழக்கம், இரண்டு விதமான முடிவுகள். இதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

அந்த 2022 அமெரிக்க ஓபன், செம்மண் ஆட்டம் வேறெங்கும் செல்லாது என்ற வாதத்தை நன்றாகவே உடைத்தது. அரையிறுதியில் கச்சானோவுக்கு எதிராக முதல் செட்டை முடித்த புள்ளியில் பந்து 55 முறை அடிக்கப்பட்டது. கடினத் தரையில் செம்மண் பொறுமை! இறுதியில் அல்காரஸிடம் நான்கு செட்டில் தோற்றார். வென்றிருந்தால் உலகின் முதலிடம். மூன்றாவது செட்டில் இரண்டு செட் பாயிண்ட்கள் கையில் இருந்தன. அதே ஆண்டு மியாமியிலும் இறுதிவரை போயிருந்தார். பந்து உயரமாக எம்பும் மெதுவான கடினத் தரைகளில் அவருடைய ஃபோர்ஹேண்டுக்கு நேரம் கிடைக்கிறது. அங்கெல்லாம் செம்மண் பாடம் அப்படியே உதவுகிறது.

இரண்டாவது குற்றச்சாட்டுக்குத்தான் பதில் இல்லை. விம்பிள்டனில் ரூட் இதுவரை இரண்டாம் சுற்றைத் தாண்டியதில்லை. 2022இல் உம்பெர், 2023இல் பிரிட்டனின் லியம் பிராடி, 2024இல் 37 வயது ஃபோக்னினி: மூவரிடமும் இரண்டாம் சுற்றில் தோல்வி. காரணம் தெளிவு. புல்லில் பந்து வழுக்கித் தாழ்வாக வருகிறது. உயரப் பந்துக்கென்று அமைந்த அவருடைய பிடி அங்கே திணறுகிறது. பேக்ஹேண்டைச் சுற்றி ஓட நேரமில்லை. செம்மண்ணில் மறைத்துவைக்க முடிந்த பேக்ஹேண்டைப் புல் வெளியே இழுத்துப் போடுகிறது. செம்மண் வழியின் பெரிய குறை என்று நான் கருதுவது இதைத்தான்: பலவீனத்தைத் திருத்தாமலே வெல்ல அது அனுமதித்தது. வெல்லும்போது எவருக்கும் திருத்தத் தோன்றாது.

நடாலோடு ஒப்பிட்டால் இது உறைக்கும். 2005இல் 19 வயதில் முதல் பாரிஸ் பட்டத்தோடு விம்பிள்டன் போனவர் இரண்டாம் சுற்றில் ஜில் முல்லரிடம் தோற்றார். மறு ஆண்டே இறுதிப்போட்டி. 2008இல் பாரிஸ் முடிந்த மறு வாரமே லண்டன் குயின்ஸ் கிளப் புல்தரைப் போட்டியில் இறங்கிப் பட்டம் வென்றார், அடுத்து விம்பிள்டன். எல்லைக்கோட்டுக்கு அருகில் நின்றார், தாழ்ந்து வரும் பந்துக்கு முழங்காலை மடக்கினார், கீழ்ச்சுழற்சி பேக்ஹேண்டை வளர்த்தார். அகாடமியில் ஃபோர்ஹேண்டைக் கற்றுக்கொண்ட ரூட் இந்தப் பிடிவாதத்தைக் கற்கவில்லை. இதைக் கடுமையாகவே சொல்கிறேன். இரண்டாம் இடம் வரை போன ஒருவர் ஆண்டின் நான்கு பெரிய போட்டிகளில் ஒன்றைக் கைவிட்டு ஆடுவது, மற்ற மூன்றையும் நம்பி வரும் ரசிகனுக்கு வருத்தம் தருவது.

சின்னப் போட்டிகளின் குறை புள்ளிக் கணக்கில் இல்லை, எதிராளிகளின் தரத்தில் இருக்கிறது. 2020 புவெனஸ் ஐரஸ் தொடங்கி 2023 எஸ்டோரில் வரை ரூட் வென்ற பத்துப் பட்டங்களும் 250 வகை. 2022, 2023 இரண்டு ஆண்டுகளில் ஆடிய மூன்று கிராண்ட்ஸ்லாம் இறுதிகளிலும் தோல்வி. ஒரே வாரத்தில் முதல் பத்தில் உள்ள இரண்டு மூன்று பேரை அடுத்தடுத்து சாய்க்கும் பழக்கம் அந்தப் போட்டிகளில் வராது. அந்தப் பழக்கம் வரத் தொடங்கியது 2024 ஏப்ரலில். மான்டி கார்லோ அரையிறுதியில் ஜோகோவிச்சை வென்றார். இறுதியில் சிட்சிபாஸிடம் 6–1, 6–4 என்று நொறுங்கினார். ஒரே வாரம் கழித்து பார்சிலோனா இறுதியில் அதே சிட்சிபாஸை 7–5, 6–3 என்று வென்றார். 250ஐத் தாண்டிய முதல் பட்டம் அது. 2025 மாட்ரிட்டில் ஃபிரிட்ஸ், மெட்வதேவ் என்று வரிசையாக வென்று, இறுதியில் ஜாக் டிரேப்பரை 7–5, 3–6, 6–4 என்று வீழ்த்தி முதல் மாஸ்டர்ஸ் 1000 பட்டத்தை எடுத்தார். மூன்றாவது செட்டில் டிரேப்பரின் இடக்கைப் பந்துகள் பேக்ஹேண்டுக்கு வந்தபோது பலமுறை சுற்றி ஓடாமல் நேராகவே அடித்துத் தாக்குப்பிடித்தார். எனக்கு அந்தக் கோப்பையைவிட இது பெரிதாகப் பட்டது.

செம்மண் வழிக்கு உடலும் விலை கொடுக்கிறது. நீண்ட அடிகள், ஓட்டம், சறுக்கல். மாட்ரிட் பட்டத்துக்கு நான்கு வாரத்துக்குள் பாரிஸில் இரண்டாம் சுற்றில் போர்ச்சுகலின் நூனோ போர்ஜெஸிடம் முழங்கால் வலியோடு தோற்றார். புள்ளிகளை இழக்கும் அச்சத்தில் காயத்தோடும் ஆட வேண்டியிருக்கிறது என்று அன்று தரவரிசை முறையைக் குறை சொன்னார். அவர் சொன்னது நியாயம். ஆண்டின் பெரும்பங்குப் புள்ளிகளை ஏப்ரல், மே இரண்டே மாதத்தில் சேர்ப்பவருக்கு அந்த அச்சம் மற்றவர்களைவிட அதிகம் என்பதும் உண்மை. அந்த ஆண்டு விம்பிள்டனுக்கு அவர் போகவே இல்லை.

2025 முடிவில் கணக்கு 14 பட்டங்கள். 12 செம்மண்ணில், இரண்டு கடினத் தரையில். கடைசியாக வந்தது அக்டோபரில், ஸ்டாக்ஹோமின் உள்ளரங்கக் கடினத் தரையில், உம்பெரை 6–2, 6–3 என்று வென்று. விம்பிள்டன் புல்லில் தன்னை வெளியேற்றிய அதே உம்பெர். உள்ளரங்கில் காற்றும் இல்லை, பந்து எம்பும் உயரமும் குறைவு. சுற்றி ஓடுவதற்கு அதிகம் இடம் தராத தரை. பாரிஸில் இப்போது வழி மறித்து நிற்கும் அல்காரஸும் சின்னரும் விம்பிள்டனையும் வென்றவர்கள். அவர்களைச் செம்மண் பயிற்சியால் மட்டும் தாண்ட முடியாது. ரூட்டுக்கு இப்போது வயது 27. ஒரு ஜூன் மாதத்தையாவது முழுதாகப் புல்லில் செலவிட அவர் துணிய வேண்டும். அதற்காக ஓரிரு செம்மண் கோப்பைகள் போனாலும் பாதகமில்லை.