விருது மேடையும் தூண்நிழலும்

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, ஒரு கலைஞரை மேடையேற்றுவதற்கு முன் என்னென்ன ஆயத்தங்கள் வேண்டும் என்பதை அளவுகளோடு எடுத்துரைக்கின்றது. ஆடலாசான், இசையாசான், புலவன், தண்ணுமை முதல்வன், குழலோன், யாழாசிரியன் ஆகியோரின் தகுதிகளை வகுத்துக் கூறியபின், அரங்கின் அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல் என்று அளந்து காட்டுகின்றது. தூண்களின் நிழல் அரங்கில் விழாதவாறு விளக்குகளை நிறுத்த வேண்டும் என்னும் நுட்பத்தையும் இளங்கோவடிகள் விடாது சொல்லிச் செல்கின்றார். அரங்கைத் தாங்குவது தூண், தூணின்றி அரங்கில்லை. ஆயினும், தாங்குகின்ற உரிமையால் அது தன் நிழலைக் கலைஞர் முகத்தில் படியவிடுதல் தகாது.

இக்காதையில் எண்ணத்தக்க மற்றொரு செய்தியும் உண்டு. மாதவி முதலில் ஆடினாள். அதன் பின்னரே தலைக்கோற் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் பெற்றாள். அவள் ஆட்டத்தைக் கண்ட பிறகே பரிசு பிறந்தது.

இவ்விரு கருத்துகளும் எந்நாட்டு மேடையையும் அளக்க உதவும் கோல்களாகும். திறனாய்வு பயிலும் மாணவர்க்குத் தம் நாட்டு மேடையைவிட அயல்நாட்டு மேடையே சில வேளைகளில் நல்ல பயிற்சிக் களமாக அமைகின்றது. ஆங்கே பழகிய விருப்பும் வெறுப்பும் குறுக்கே நில்லா. அத்தகைய களமாக, அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரோடு இணைந்த கண்ட்ரி இசைச் சங்க விருது விழாவையும், அதன் மேடையில் பாடப்பெற்ற சில பாடல்களையும் ஈண்டுக் காண்போம்.

சங்கமும் விருதும்

கண்ட்ரி இசை, அமெரிக்கத் தென்மாநிலங்களின் மலையூர்களிலும் பண்ணைகளிலும் வாழ்ந்த எளியோர் இசையினின்று வளர்ந்தது. ஐரோப்பியக் குடியேறிகளின் கதைப்பாடலும் பிடிலும் அதன் ஒரு வேர். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கரின் வழிவந்த பான்ஜோவும் புளூஸ் இசையும் மற்றொரு வேர். 1950களில் ராக் அண்ட் ரோல் அலை எழுந்து வானொலி நிலையங்களைக் கவர்ந்துகொண்டபோது, கண்ட்ரி இசைத் தொழிலைக் காக்கும் நோக்குடன் 1958இல் இச்சங்கம் தோன்றியது. 1967இல் விருதுகள் முதன்முறையாக வழங்கப்பெற்றன. மறு ஆண்டு முதல் விழா தொலைக்காட்சியிலும் காட்டப்படலாயிற்று.

இங்குப் பரிசை முடிவு செய்வோர் சங்க உறுப்பினர்கள். அவர்தம் வாக்குகள் விழாவிற்கு முன்பே எண்ணப்பெற்று, வென்றவர் பெயர் உறையில் இடப்பட்டுவிடும். பாடகர் மேடையேறும்போது தீர்ப்பு எழுதப்பட்டு முடிந்திருக்கும். எத்துணைச் சிறப்பாகப் பாடினும் உறைக்குள் இருக்கும் பெயர் மாறாது. அங்ஙனமாயின், அம்மேடையில் பாடப்படும் பாடல் வெறும் அலங்காரந்தானா? பரிசை மாற்ற இயலாத பாடல் எதனை மாற்றவல்லது? அவ்விழாவின் வரலாறே இவ்வினாவிற்கு விடை கூறுகின்றது.

பாதியில் நின்ற பாடல்

1999ஆம் ஆண்டு விழாவில் ஜார்ஜ் ஜோன்ஸ் பாட வேண்டியிருந்தது. கண்ட்ரி இசையின் மிகச் சிறந்த குரல்களுள் ஒன்று எனப் போற்றப்பட்டவர் அவர். குடிப்பழக்கத்தால் வாழ்வைப் பலமுறை சிதைத்துக்கொண்டவர். அவ்வாண்டு மார்ச்சில் நேர்ந்த கார் விபத்தில் உயிர் பிழைத்து மீண்டவர். தன் வாழ்வின் நிலைக்குத் தன் தேர்வுகளே காரணம் என்று ஒருவன் ஒப்புக்கொள்ளும் 'சாய்ஸஸ்' என்னும் பாடலை அவர் அப்போது வெளியிட்டிருந்தார். நிகழ்ச்சி அமைப்பாளர்கள் அதனைச் சுருக்கிப் பாடுமாறு கேட்டனர். ஜோன்ஸ் மறுத்தார், விழாவிற்கே வரவில்லை.

அன்றிரவு ஆலன் ஜாக்சன் 'பாப் எ டாப்' என்னும் பாடலைப் பாடத் தொடங்கினார். இடையில் அதனை நிறுத்தி, ஜோன்ஸின் 'சாய்ஸஸ்' பாடலின் ஒரு பகுதியைப் பாடிவிட்டு மேடையைவிட்டு அகன்றார். அவையோர் எழுந்து நின்று ஆரவாரித்தனர்.

இசைக்கணக்கில் மட்டும் நோக்கின் இது பழுதுற்ற நிகழ்ச்சியே. ஒரு பாடல் பாதியில் நின்றது. மற்றொன்று முழுமை பெறவில்லை. எனினும் அக்குறையே அதன் பொருளாயிற்று. ஒரு முதிய கலைஞனின் பாடலை அரைகுறையாக்க முயன்ற அவையில், ஜாக்சன் தம் பாடலையே அரைகுறையாக்கிக் காட்டினார். ஒரு வசைச்சொல்லும் அவர் வாயினின்று வரவில்லை. தூணின் நிழல் எங்கே விழுந்திருக்கின்றது என்பதை அவையோர் அனைவரும் கண்டனர்.

துயரின் முன் குரல்

அதே ஜாக்சன் 2001 நவம்பர் 7ஆம் நாள் நிகழ்ந்த விழாவில், முன்னர்க் குறித்திருந்த பாடலை விடுத்துத் தாம் புதிதாக எழுதிய ஒன்றைப் பாடினார். செப்டம்பர் 11 தாக்குதல்கள் நிகழ்ந்து எட்டு வாரங்களே கடந்திருந்தன. உலகம் அசையாது நின்ற அந்நாளில் நீங்கள் எங்கிருந்தீர்கள் என்று வினவும் பாடல் அது. வெற்றி முழக்கமும் பழிவாங்கும் சூளுரையும் பெருகியிருந்த வேளையில், அடுக்கடுக்கான எளிய வினாக்களால் அவர் பாடலை அமைத்தார். அழுதீர்களா, வீட்டாரை அழைத்துப் பேசினீர்களா என்னும் வகையில் அமைந்த அவ்வினாக்களைத் தாழ்ந்த குரலில், அலங்காரம் ஏதுமின்றிப் பாடினார்.

இப்பாடலில் குறையில்லை எனல் பொருந்தாது. உலக அரசியலைத் தாம் அறியாமையை ஒரு பண்பாகவே பாடலாசிரியர் முன்வைக்கின்றார். பெரும் போர்களை நோக்கி ஒரு நாடு நடந்துகொண்டிருந்த காலத்தில், அறியாமை அத்துணைக் குற்றமற்றதன்று. ஆயினும் இடமும் காலமும் அறிந்து குரலை அடக்கிய பாங்கில் அந்நிகழ்ச்சி உயர்ந்தே நிற்கின்றது. மறு ஆண்டு விழாவில் அப்பாடலுக்கு விருது கிடைத்தது. ஈண்டு மாதவியின் முறையே நிகழ்ந்தது: பாடல் முன்னே சென்றது, பரிசு பின்னே வந்தது.

2017ஆம் ஆண்டு கேரி அண்டர்வுட் பாடியதையும் இதனோடு இணைத்து எண்ணலாம். அவ்வாண்டு அக்டோபர் 1ஆம் நாள் லாஸ் வேகஸ் நகரில் கண்ட்ரி இசை விழாவொன்றில் கூடியிருந்தோர்மீது துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து பலர் மாண்டனர். அவர்தம் உருவப்படங்கள் திரையில் தோன்ற, அண்டர்வுட் ஒரு பழைய கிறித்தவ வழிபாட்டுப் பாடலைப் பாடினார். உச்சத் தாயியை எளிதில் எட்டவல்ல அக்குரல், பாடலின் இறுதியில் உடைந்தது. இசைத் தேர்வில் அதற்கு மதிப்பெண் குறையலாம். அந்த அவையிலோ, அக்குரல் உடையாமல் முடிந்திருந்தால்தான் ஏதோ குறைந்திருக்கும்.

எட்டு நிமிடம்

2015 நவம்பர் 4ஆம் நாள் மேடையேறிய கிறிஸ் ஸ்டேப்பிள்டன், பிறர் பாடிப் புகழ்பெற்ற பாடல்கள் பலவற்றை எழுதியவர், தொழிலறிந்தோர்க்கு நெருக்கமானவர், பொதுமக்களுள் பெரும்பாலோர்க்கோ அன்றுவரை அறிமுகமற்றவர். அவர் புகழ்மிக்க பாப் பாடகர் ஜஸ்டின் டிம்பர்லேக்குடன் இணைந்து 'டென்னசி விஸ்கி', 'டிரிங்க் யூ அவே' ஆகிய இரு பாடல்களைப் பாடினார். மனைவி மார்கேன் உடன்நின்று துணைக்குரல் கொடுத்தார்.

'டென்னசி விஸ்கி' 1983இல் ஜார்ஜ் ஜோன்ஸ் பாடிப் பரவிய பாடல். ஸ்டேப்பிள்டன் அதன் நடையை மாற்றி, புளூஸ் இசையின் தளர்ந்த தாளத்தில் அமைத்தார். ஓர் உயிரெழுத்தைப் பிடித்துப் பல சுரங்களில் இழைத்து இறக்கும் அவர் முறை, நம் இசையில் கமகம் கேட்டுப் பழகிய செவிக்கு அயலாகத் தோன்றாது. ஒலியை உயர்த்தாமலே அழுத்தத்தை உயர்த்தும் வன்மை அக்குரலில் உண்டு. இரண்டாம் பாடல் விரைவும் ஆரவாரமும் மிக்கது. அவையை எழுப்பியது அதுவே. எனினும் ஆழத்தால் உயர்ந்தது முதற்பாடலே என்பதை ஊன்றிக் கேட்போர் உணர்வர்.

அன்றிரவு ஸ்டேப்பிள்டன் மூன்று விருதுகள் பெற்றார். அவ்வுறைகள் முன்பே ஒட்டப்பட்டவை. பாடலுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. பாடல் செய்த வேலை வேறு. அவ்வாண்டு மே மாதம் வெளிவந்து, விற்பனைப் பட்டியலினின்றே நீங்கியிருந்த 'டிராவலர்' என்னும் அவர் இசைத்தொகுப்பு, விழாவை அடுத்து அமெரிக்கப் பட்டியலின் முதலிடத்திலேயே மீண்டும் நுழைந்தது. உறுப்பினர் வாக்கால் அறிமுகம் ஆகாதவரை ஒரு பாடல் மக்களுக்கு அறிமுகம் செய்தது.

இங்கு ஒன்று கருதத்தக்கது. இவ்விணைவிற்கு அம்மேடை ஏறத்தாழ எட்டு நிமிடங்களை வழங்கியது. ஜோன்ஸின் ஒரு பாடலை முழுமையாகக் கேட்க 1999இல் நேரமில்லாத மேடை, அவர் பாடிய பாடலுக்கே 2015இல் அத்துணை நேரம் தந்தது. பாப் உலகப் பெருநட்சத்திரம் உடன்வந்ததும் இத்தாராளத்திற்கு ஒரு காரணம் என்று கொள்வது பிழையாகாது. நிழல் விலகியது நன்றே. அதனை விலக்கிய விளக்கு எவருடையது என்பதையும் திறனாய்வாளன் நோக்க வேண்டும்.

வாயிலில் நின்றோர்

2016ஆம் ஆண்டு, விருதின் ஐம்பதாவது விழா. கறுப்பினப் பாடகி பியோன்சே, டிக்ஸி சிக்ஸ் குழுவினருடன் இணைந்து 'டாடி லெசன்ஸ்' என்னும் பாடலைப் பாடினார். பியோன்சே டெக்சஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில் பிறந்தவர். டிக்ஸி சிக்ஸ் குழுவினரோ 2000இல் இச்சங்கத்தின் தலையாய விருதைப் பெற்று, 2003இல் ஈராக் போரையொட்டித் தம் நாட்டு அதிபரைக் குறைகூறியதால் வானொலி நிலையங்களால் ஒதுக்கப்பட்டவர்கள். இவ்வாறு வாயிலில் நிறுத்தப்பட்ட இரு சாரார் ஒரே மேடையில் சேர்ந்து நின்றனர்.

பான்ஜோவும் பிடிலும் ஒருபுறம், பித்தளைக் குழல்கள் மறுபுறம் முழங்க, கண்ட்ரி இசையின் இரு வேர்களும் ஒரே பாடலில் தழுவிக்கொண்டன. பொருளாலும் அது கண்ட்ரி மரபே: தந்தை, துப்பாக்கி, வாழ்க்கைப் பாடம். கைதட்டல் எழுந்தது; இவர் எம்மவர் அல்லர் என்னும் எதிர்ப்பும் எழுந்தது. பியோன்சே 2024இல் வெளியிட்ட 'கௌபாய் கார்ட்டர்' தொகுப்பிற்கு இச்சங்கம் அவ்வாண்டு ஒரு பரிந்துரையும் அளிக்கவில்லை. 2025இல் கிராமி அமைப்பு அதனைச் சிறந்த கண்ட்ரி இசைத்தொகுப்பாகத் தேர்ந்தது. ஒரு விருந்தினர்க்கு மேடை திறந்தது; உறை திறக்கவில்லை.

2020 விழாவில் நின்ற சார்லி பிரைடின் வரலாறும் இதனையே வேறு வகையில் உணர்த்தும். மிசிசிப்பியில் குத்தகை உழவர் குடும்பத்தில் 1934இல் பிறந்தவர் அவர். 1966இல் அவர்தம் முதல் இசைத்தட்டுகள் வானொலி நிலையங்களுக்குச் சென்றபோது அவருடைய உருவப்படம் உடன் அனுப்பப்படவில்லை. நிறம் தெரியாமல் குரல் மட்டும் சென்றது. அக்குரலே வென்றது. 1971இல் இச்சங்கத்தின் தலையாய விருதைப் பெற்ற முதல் கறுப்பினத்தவரானார். 2020இல் வாழ்நாள் சாதனை விருது பெற மேடையேறிய நாள்வரை, அத்தலையாய விருது வேறெந்தக் கறுப்பினக் கலைஞர்க்கும் கிட்டவில்லை.

அன்று, எண்பத்தாறாம் அகவையில், இளைய கறுப்பினப் பாடகர் ஜிம்மி ஆலனுடன் இணைந்து தம் புகழ்பெற்ற 'கிஸ் அன் ஏஞ்சல் குட் மார்னின்' பாடலைப் பிரைட் பாடினார். குரலில் முதுமையின் தேய்மானம் தெரிந்தது. பாடலின் மகிழ்ச்சி மட்டும் தேயவில்லை. ஒரு மாதம் கழித்து, டிசம்பர் 12ஆம் நாள், கோவிட் நோயின் விளைவால் அவர் மறைந்தார். படமின்றித் தொடங்கிய இசைவாழ்வு, நாடே முகங்காண நின்ற அம்மேடையோடு நிறைவுற்றது.

திறனாய்வாளன் கடமை

விருது விழாவை மதிப்பிடப் புகும் மாணவன், எவர் எத்தனை விருது பெற்றார் என்று பட்டியலிட்டு அமைதல் போதாது. அது கணக்கர் பணி. சுரமும் தாளமும் வழுவாது அமைந்தனவா என்று நோக்குதல் வேண்டும், அதனோடும் நின்றுவிடலாகாது. பாடல் முழுமையாகப் பாட விடப்பட்டதா, பாடியவர் இடமும் காலமும் அறிந்து பாடினாரா, எவர் அழைக்கப்பட்டார், எவர் வாயிலில் நின்றார் என்பனவும் அவன் கேட்க வேண்டிய வினாக்கள். அப்போதுதான் நின்றுபோன பாடலும் உடைந்த குரலும் தம் பொருளை வெளிப்படுத்தும்.

உறைக்குள் இருக்கும் பெயரைப் பாடல் மாற்றுவதில்லை. அவ்வுறையை எழுதிய சங்கத்தையே அது அவைமுன் நிறுத்தி, உன் நிழல் எங்கே விழுகின்றது என்று கேட்கின்றது. தூண்கள் இருக்கட்டும், அவையின்றி அரங்கம் நில்லாது. விளக்கை எங்கே வைப்பது என்பதில்தான் அரங்கமைப்போர் அறம் அடங்கியுள்ளது.